நூற்று அறுபது மணி நேரம்

ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேரம்
என்கிறது கையேட்டின் நான்காம் பக்கம்.
ஒரு பாடம் பதினாறு கிரெடிட்.
பட்டம் முந்நூற்று எண்பத்து நான்கு.
என் கையில் இருநூற்று எட்டு.

மின்கட்டண ரசீதின் முதுகில் கழிக்கிறேன்:
நூற்று எழுபத்தாறு. பதினோரு பாடங்கள்.
பருவத்துக்கு மூன்று வீதம் போனால்
நான்கே பருவம், இரண்டே வருடம்,
முப்பத்தொரு வயதில் முடித்துவிடலாம்.

கணக்கு இவ்வளவு சுலபமாக வந்தால்
எங்கேயோ தப்பு என்று
டிஸ்கிரீட் கணிதத்தில் நாற்பத்தேழு வாங்கியவளுக்குத் தெரியாதா?

மறுதேர்வில் நாற்பத்தெட்டு.
அந்த ஒரு மார்க்குக்கு மூன்று வாரம் படித்தேன்.

அது இல்லாமல் டேட்டா ஸ்ட்ரக்சர் கிடையாது,
டேட்டா ஸ்ட்ரக்சர் இல்லாமல் அல்காரிதம் கிடையாது,
அல்காரிதம் தெரியாதவளை
கடைசி வருட புராஜெக்ட் வாசலிலேயே நிறுத்திவிடும்.
டிஸ்கிரீட் இரண்டாம் பருவத்தில் மட்டும்.
டேட்டா ஸ்ட்ரக்சர் முதல் பருவத்தில் மட்டும்.
இரண்டு வருடம் மூன்றாகிவிட்டது
ரசீதில் இடம் தீர்வதற்குள்.

நொம்ஃபுண்டோ படம் போட்டுத் தந்தாள்.
வட்டங்கள் பாடங்கள், அம்புகள் நிபந்தனைகள்.
எந்த வட்டத்துக்குள் அம்பு நுழையவில்லையோ
அதை முதலில் எடு, அழி, அடுத்ததைத் தேடு.
நான் சொன்னேன்:
நல்ல வேலைக்குப் பட்டம் வேண்டும்,
பட்டத்துக்குக் கட்டணம் வேண்டும்,
கட்டணத்துக்கு நல்ல வேலை வேண்டும்,
இதையும் வரை.
வரைந்தாள். பேனாவைக் கடித்தாள்.
"சுழல் இருந்தால் வரிசை கிடையாது, சலோஷ்ணி.
பரீட்சையில் நீ விட்ட கேள்வி இதுதான்."

அதனால்தான் உம்லாங்காவில் எட்டாம் மாடியிலிருந்து
லண்டன்காரர்களின் காணாமல்போன பார்சல்களை
இரவு பதினொன்று வரை தேடித் தருகிறேன்.

டாக்ஸியில் உட்கார்ந்த நேரத்தை ஒருநாள் கூட்டினேன்.
சாட்ஸ்வர்த்திலிருந்து டவுன், டவுனிலிருந்து வெஸ்ட்வில்,
மறுபடி டவுன், அங்கிருந்து உம்லாங்கா.
வாரம் பன்னிரண்டு மணி. பருவம் பதின்மூன்று வாரம்.
நூற்று ஐம்பத்தாறு.
ஒரு பாடத்துக்கு நாலு மணி குறைவு.
மே மாதம் டாக்ஸிகள் ஓடாத அன்று
உம்ஙேனி பாலம் தாண்டி, செருப்பைக் கையில் பிடித்து,
டவுனிலிருந்து வேலைக்கு நடந்தே போனேனே,
அது நாலு மணி நேரம். சம்பளத்திலும் பிடித்தார்கள்.
ஆக நூற்று அறுபது.
தேர்ச்சி.
கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை.

கட்டாய ஸூலு பாடத்தில் எண்பத்தொன்று எனக்கு.
பாதி, பின்சீட்டின் சில்லறையை
முன்சீட்டுக்குக் கைமாற்றும்போது கற்றது.
இதை எழுதுகிற தமிழுக்குக் கோடு எண்ணே இல்லை.

பதினோராவது கட்டம் விருப்பப் பாடம்.
எதை வேண்டுமானாலும் எடுக்கலாமாம்.
மேனேஜ்மென்ட் எடு, வேலைக்கு ஆகும் என்கிறாள் நொம்ஃபுண்டோ.
சரிதான்.
நான் மண்ணியல் பக்கத்திலேயே நிற்கிறேன்.
நெடுஞ்சாலைக்காகக் குன்றை வெட்டிய இடத்தில்
மண் அப்படியொரு சிவப்பு.
ஏழு வருடமாக ஜன்னலில் வருகிறது, போகிறது.
ஏன் அந்தச் சிவப்பு என்று
யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

செவ்வாய் காலை எட்டு நாற்பது.
ஷிஃப்ட்டோடு மோதவில்லை.
முன்தேவை: எதுவுமில்லை.

திரும்ப வாசிக்கிறேன்.
முன்தேவை: எதுவுமில்லை.

பதிவு நள்ளிரவில் மூடுகிறது.
கரண்ட் பத்து மணிக்கே போயாயிற்று.
போனில் ஆறு சதவீதம்.
'சேர்' என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்தேன்.
திரையில் ஒரு சின்ன வட்டம்
சுற்றிக்கொண்டே இருக்கிறது.