சா வா?

காலை ஆறு நாற்பத்தைந்து, ஹாலந்து சாலை.
கொண்டோ கேட்டுக்கு வெளியே
பெருமூச்சு விட்டு நிற்கும் எங்கள் ஸ்கூல் பஸ்.
மார்கோ ஏறுவாள், வயது ஆறு.
வேப்பம் சோப்பின் பெயரை ஒரு பிரெஞ்சுப் பிள்ளைக்கு
யார் வைத்தார்களோ.
படியில் நின்றபடியே கேட்பாள்:
"சா வா?"

முதல் நாள் திடுக்கிட்டேன்.
விடிந்தும் விடியாமலும் இது என்ன கேள்வி.
நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்
வாயிலேயே ஒன்று போட்டிருப்பேன்.
அவள் அண்ணன்தான் ஆங்கிலத்தில் விளக்கினான்:
நல்லா இருக்கியான்னு கேக்குறா, ஆன்ட்டி.
பெரியவங்களை நீன்னு பேசக் கூடாது,
அது இவளுக்கு இன்னும் வரல.

வராமலே இருக்கட்டும்.

பிறகு இன்னொன்று கொண்டுவந்தாள்.
"தா லா பேஷ்?"
தா நம்முடையது. லா இந்த ஊருடையது.
பேஷ், கச்சேரியில் முன்வரிசை மாமா சொல்வது.
சேர்த்துச் சொன்னால்
உன்னிடம் பீச் பழம் இருக்கா என்று அர்த்தமாம்.
அதாவது, தெம்பா இருக்கியா.
இருக்கு லா, என்று பெல்ட்டை மாட்டிவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை, முகம் தொங்க,
"கஃபார்" என்றாள்.
எனக்குத் தெரிந்த கஃபார் ஒருவர்தான்,
டிப்போவில் டயர் மாற்றுகிறவர்.
இரண்டு விரலை நெற்றியில் வைத்து
மீசைபோல் ஆட்டிக் காட்டினாள்.
கரப்பான்!
ஸீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினேன்:
பிஸ்கட் தூள், ஒற்றைச் சாக்ஸ், யாரோ கடித்த பென்சில்.
டிரைவர் செங் ஹுவாட் கண்ணாடியில் முறைத்தார்.
அங்க இல்ல ஆன்ட்டி, என்றான் அண்ணன்,
அவளுக்கு உள்ள இருக்கு.
மனசு சரியில்லை என்பதை
அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம்.

மார்ச்சில் ஐந்து நாள் நான் வரவில்லை.
அக்கா, கோமளவல்லி.
புளோக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், பாக்கெட் பானம்,
பிறகு மண்டாய்.
வந்தவர்கள் எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள்,
சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா.
என்னை நீ என்று சொல்ல
ஏண்டி என்று அதட்ட
இருந்தது ஒரே வாய்.

ஆறாம் நாள். அதே கேட், தூறல்.
படியில் நின்று மார்கோ,
"சா வா?"

ஆமாம், என்றேன்.
சாவுதான்.

நல்ல சேதி கேட்டவள்போல் தலையாட்டினாள்.
போய் உட்கார்ந்தாள், திரும்பிப் பார்த்தாள்.
என் முகத்தில் என்ன இருந்ததோ,
மெதுவாக, "தா லா பேஷ்?"

இருக்கு லா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"கஃபார்" என்று வந்தது.

மாட்டிய பெல்ட்டைக் கழற்றிவிட்டு
புத்தகப் பை முதுகிலேயே இருக்க
என் ஸீட்டுக்கு அடியில் முட்டி போட்டுக் குனிந்தாள்.
கையை நீட்டித் துழாவினாள், தோள் வரைக்கும்.
அண்ணன் ஏதோ சொல்ல எழுந்தான்.
கியரில் கை வைத்தபடி செங் ஹுவாட் காத்திருந்தார்.

தேடட்டும் விடு, என்று
நான்தான் கை காட்டினேன்.