சூடு தெரியாத பக்கம்

சீட்டில் இருந்தது இவ்வளவே:
தங்கநேசம், நாற்பத்தாறு, கடையாலுமூடு.
மேலண்ணத்தில் வீக்கம். மூன்று வருடம்.
ஃபார்மலினில் மிதந்த சதை
ஒரு நெல்மணிக்கு மேல் இல்லை.

முதல் பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்.
அடுத்தவர் கொப்பளிக்க நீலத் தண்ணீர் கொடுத்தார்.
மூன்றாவது, களியக்காவிளையில் புதிதாய் போர்டு மாட்டிய பெண்.
விரலால் தடவிப் பார்த்துவிட்டு
காசு வாங்காமல் வெட்டி அனுப்பியிருக்கிறாள்.

வாயின் கூரையில்
எச்சில் ஊறும் சின்னஞ்சிறு சுரப்பிகள்,
நூற்றுக்கணக்கில்,
ஒன்றுக்கும் தனிப்பேர் கிடையாது.
'ட' சொல்ல எழும் நாக்கு
அவற்றின் பக்கத்து வீட்டைத்தான் தட்டுகிறது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி என் ஆய்வகம்.
லாரி போனால் மைக்ரோஸ்கோப் நடுங்கும்.
அடங்கும்வரை இருந்து பார்த்தேன்:
ஊதா நிறத்தில், ஓட்டை ஓட்டையாய்,
மா அரிக்கிற அரிப்பு.

அரிப்பு மட்டும் போதாது.
சாதுக்கட்டியும் சிலநேரம் இதே அரிப்பைக் காட்டும்.
பதினோரு வருடத்தில் இது மூன்றாவது.
ஒருமுறை தவறாகச் சொல்லியிருக்கிறேன்.
அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன்.

சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.
வலி உண்டா?
"வலியொண்ணும் இல்ல டாக்டரே.
மீன்கறி சுட்டா எடது பக்கம் தெரியும்,
வலது பக்கம் தெரியாது. ஒரு வருசமாட்டு."
யாரிடமாவது சொன்னீங்களா?
"ஆரும் கேக்கலியே."
ரப்பர் மரங்களுக்குள் ஒரு நாய் குரைத்தது.

மெழுகுக் கட்டியை இன்னும் உள்ளே சீவச் சொன்னேன்.
ஏழாவது ஸ்லைடின் ஓரத்தில் ஒரு நரம்பு.
அதை ஒட்டி ஒட்டிச் செல்கள்,
செக்போஸ்ட்டுக்குத் தெரியாமல்
குளத்தோர இடவழியாய்
ரேஷன் அரிசி எல்லை தாண்டுமே, அப்படி.
அவசரமே இல்லாமல்.

உறுதிசெய்யத் திருவனந்தபுரம்.
கணவர் ஞானதாஸ் வந்தார், விரல் இடுக்கில் ரப்பர் பால் காய்ந்து.
டப்பாவை மடியிலேயே வச்சுக்குங்க, கண்ணாடி, என்றேன்.
"இதுக்குள்ளயா அவ இருக்கா?"
பதில் யோசிப்பதற்குள்
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவரே கிளம்பிவிட்டார்.

மத்தியானம் எதிர்க்கடையிலிருந்து
சாளைக் குழம்பு வந்தது, ஆவி பறக்க.
ஊதாமல் வாயில் வைத்தேன்.
இரண்டு பக்கமும் சுட்டது.