நிகர எடை

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு முன்னால்
இடப்பக்கம் ஓர் எடைமேடை.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
இளநீர், தவிடு, செங்கல்,
எது ஏறி நின்றாலும் எண் சொல்வேன்.
மொத்த எடையில் வண்டி எடை போனால்
மிச்சம் சரக்கு.
பதினாலு வருசமாய்
இந்தக் கழித்தல் கணக்கில்தான் சோறு.

குளிக்கும்போது கையில் தட்டியது,
புளியங்கொட்டை அளவு.
என் மேடையில் வைத்தால்
முள்ளுகூட அசையாது.
அதனால் நானும் அசையாமல் இருந்தேன்
இரண்டு தேங்காய் வெட்டு முடியும்வரை.

கொழிஞ்சாம்பாறை கிளினிக்கில்
வியாழக்கிழமைதான் அந்த டாக்டர்.
மாடியில் ஆறு சாய்வு நாற்காலி.
ஜன்னலுக்குக் கீழே கள்ளு ஏற்றிய ஜீப்புகள்.
"ரெண்டாம் ஸ்டேஜ்" என்றார்.
என் வீட்டுக்காரர் பொள்ளாச்சி வண்டியில் கண்டக்டர்.
"மொத்தம் எத்தனை ஸ்டேஜுங்க?"
"நாலு."
அதற்கப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.
சட்டைப் பையில்
சில்லறையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"வேதனை உண்டோ சேச்சி?"
சிஸ்டர் ஜின்ஸி கேட்டாள்.
அவள் பாஷையில் வேதனை என்றால் வலி.
எனக்கு அன்றைக்குத் தெரியாது.
இருக்கு என்றேன்.
பெரியவளின் பாலிடெக்னிக் ஃபீஸ்,
தவணை முடியாத ஃபிரிட்ஜ்,
மாமியாரிடம் அல்சர் என்று சொல்லிவைத்திருப்பது,
எல்லாம் சொன்னேன்.
எவ்வளவு புரிந்ததோ,
முடியும்வரை கையை விடவில்லை.
பிறகு அதே கையில் நரம்பு தேடினாள்.
மூன்றாம் குத்தில் கிடைத்தது.

சிவப்பு மருந்து இறங்கும்போது
வாயில் ஐஸ் இருக்கணும், இல்லாவிட்டால் புண்.
பக்கத்து நாற்காலியில் வேலப்பன்,
கள்ளு இறக்குகிறவர். தொண்டை. குரல் போய்விட்டது.
அவர் மனைவி ரெண்டு சிப்அப் வாங்கி வருவாள்.
எது வேண்டும் என்று புருவத்தால் கேட்பார்.
ஆரஞ்சு எப்போதும் எனக்கு.
ஒருநாள் நோட்டில் தென்னை வரைந்து
பன்னிரண்டு என்று எழுதினார்.
அதன் பக்கத்தில் மூன்று.
மரம் பன்னிரண்டு, நாளைக்கு மூன்று ஏற்றம்.
முப்பத்தாறு என்றேன்.
சத்தமில்லாமல் சிரித்தார், தோள் மட்டும் குலுங்கியது.

ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பார்கள்.
அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டு.
எடைக்குத் தகுந்த மருந்தாம்.
வண்டியையும் சரக்கையும் பிரிக்காமல்
மொத்தமாய்ப் போடுகிறார்கள்.
கட்டி மட்டும் எவ்வளவு வரும் என்று கேட்டேன்.
ஜின்ஸிக்கு என் தொழில் தெரியாது.

சில வியாழன் ரத்தத்தில் கவுண்ட் இருக்காது.
ரெண்டு பஸ் ஏறி வந்தவள்
ரெண்டு பஸ் ஏறித் திரும்புவேன்.
படி இறங்கும்போது ஜின்ஸி சொல்வாள்:
"மாறும் சேச்சி."
அங்கே அதற்கு, குணமாகும் என்று அர்த்தம்.
எல்லை தாண்டினால்
மாறும் என்றால் மாறும், அவ்வளவுதான்.
எதுவாக என்று சொல்லாது.
பஸ்ஸில் பாதித் தூரம் அந்த அர்த்தம்,
மீதித் தூரம் இந்த அர்த்தம்.

கடைசி மருந்து போன மாசம் முடிந்தது.
ஸ்கேன் இன்னும் வரவில்லை.
நேற்று ராத்திரி வண்டி இல்லாத நேரம்,
தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு
மேடையில் நானே ஏறி நின்றேன்.
கூண்டுக்குள்ளிருந்து அஸ்கர் கத்தினான்:
"அக்கா, அம்பது காட்டுது."
கிளினிக்கில் ஐம்பத்திநாலு.
லாரிக்குச் செய்த மேடை,
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
அந்த நாலு கிலோ
அதன் கண்ணில் படாமல்
என்னோடு நின்றுகொண்டிருந்தது.

"ஸ்லிப் போடட்டுமா? சரக்கு என்னன்னு கேக்குது."

"வெறும் வண்டின்னு அடிடா."

தவிட்டு லாரி ஒன்று லைட் அடித்தது.
இறங்கி வழிவிட்டேன்.