மூன்றாம் பாகத்திலிருந்து ஆரம்பி

முதல் பாகத்தைத் தொடாதே, தமயந்தி.
அதில் நாற்பது பக்கம் கப்பல் கட்டுகிறார்கள்,
ஆணி எண்ணுகிறார்கள்.
பாலத்தைத் தாண்டுவதற்குள்
என் தலை ஜன்னல் கண்ணாடியில் இடித்தது.

மூன்றிலிருந்து ஆரம்பி.
‘உப்புக்கோள்’ வரிசைக்கு அதுதான் வாசல்.
ஒன்றும் இரண்டும்
வாசலுக்கு வெளியே கொட்டிவைத்த ஜல்லி.

பிறையிலிருந்து ஆறேகாலுக்குக் கிளம்பி
பாயான் லெப்பாஸில் நம்மை இறக்கிவிடும் இந்த பஸ்ஸில்
ஒன்பது பாகமும் ஐந்து வருடமாய்ப் பயணம் செய்கின்றன.
சௌராஸ்தா மாடிக்கடையில் எழுபது வெள்ளி சொன்னான்.
மழை பிடித்தது,
ஐம்பத்தைந்துக்குக் கட்டிக் கொடுத்தான்.

ஓரத்தில் பென்சில் எழுத்தைக் கண்டு மிரளாதே.
‘பொய்’ என்று எழுதுவது குணவதி.
ஒளியைவிட வேகமாய்
எதுவும் போகக்கூடாது அவளுக்கு,
ஓவர்டைம் காசைத் தவிர.
ஐந்தாம் பாகத்து மஞ்சள் கறை நாசி கண்டார்;
யாருடைய விரல் என்ற வழக்கு
இன்னும் முடியவில்லை.

காதல்தான் வேண்டுமென்றால் ‘தாமதத் தபால்’ எடு.
நாலே பாகம்.
கடிதம் போக இருபது வருடம், பதில் வர இருபது.
சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பான்.
இவள் பதில் எழுத உட்காரும்போது
வாயில் பாதிப் பல் இல்லை.
நெரிசலில் நின்ற ஒரு நாள்
நாங்கள் கதை சொல்லக் கேட்டே
டிரைவர் முத்தையன் மூக்கைச் சிந்தினார்.

எந்திரங்கள் கலகம் செய்யும் வரிசை எதையும்
என்னிடம் கேட்காதே.
பன்னிரண்டு மணி நேரம் அதன் பக்கத்தில் நின்றுவிட்டு
அதன் கோபத்தையும் காசு கொடுத்து வாங்குவேனா?
கோகிலம் சிபாரிசு செய்வாள். அவளைக் கேள்.

ஒன்று மட்டும்.
கிளீன்ரூமுக்குள் புத்தகம் கூடாது, பென்சில் கூடாது,
தாள் ஒரு தூசி, கரி ஒரு தூசி.
இறங்கும்போது சீட்டுக்கு அடியில் வைத்துவிடு.
இரவெல்லாம் அங்கேயே தூங்கும்.

அப்புறம், ஒன்பதாம் பாகத்தில்
கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
வாங்கும்போதே இல்லை.
கைபேசியில் தேடினால் கிடைத்துவிடும்,
ஏனோ யாரும் தேடவில்லை.
நாலாவது லைனை மூடி ஆட்களை அனுப்பினார்களே,
அந்த வாரம் வேதவல்லி
விடுப்புப் பாரத்தின் முதுகில் எழுதிச் செருகிவிட்டுப் போனாள்:
‘கப்பல் போய்ச் சேர்ந்தது.
யாரும் உடனே இறங்கவில்லை.
முதலில் ஜன்னலைத் துடைத்தார்கள்.’
எங்களுக்கு அது போதும்.
உனக்குப் போதாதென்றால் நீ தேடு,
எங்களிடம் சொல்லாதே.

சரி, பிரி. மூன்றாம் பாகம், பக்கம் பதினொன்று.
காவலன் கேட்கிறான்:
நீ எந்தக் கோளிலிருந்து வருகிறாய்?
ஓரத்தில் பார்,
ஆறு கையெழுத்தில் ஒரே பதில்:
பிறை.

பென்சில் இருக்கிறதா உன்னிடம்?