ஏழாம் படி

எண்ணூர் முகத்துவாரத்தில் ஓதம்
மூன்றடிதான் ஏறும். மிஞ்சினால் மூன்றரை.
அதற்குள் எல்லோருக்கும் இடம் பார்க்க வேண்டும்.

ஒன்பது படி வரைந்தேன்.
படியின் முகமெங்கும் குழிகள்:
கட்டைவிரல் நுழைகிற மாதிரி, உள்ளங்கை மாதிரி,
பெரிய நண்டு பின்வாங்கி ஒளிய
முழங்கை ஆழத்தில் சில.
பயனாளிகள் என்ற கட்டத்தில்
மீனவர், இறால் பிடிப்போர் என்று எழுதி
காற்புள்ளி போட்டு
நண்டு, ஆளி, மடவைக் குஞ்சு என்று சேர்த்தேன்.
அலுவலகம் சிரித்தது.
கையெழுத்து எப்படியோ விழுந்துவிட்டது.

பவுனம்மா வந்து பார்த்தார்.
பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு
இரண்டு கையாலும் சேறு தடவி இறால் எடுப்பவர்.
"சொரசொரன்னு வச்சா ஆளி ஒட்டும், சரி.
அப்புறம் என் காலு?"
பாதத்தைத் திருப்பிக் காட்டினார்.
என் வரைபடத்தில் அத்தனை கோடுகள் இல்லை.

வழவழப்பாக்கிவிடலாமே என்றேன்.
"பாசி புடிச்சு வழுக்கும்.
இடுப்பு போனா நீ வந்து புடிப்பியா இறால்?"

கடைசியில்
மேலிருந்து ஏழாம் படிவரை ஒரு தடம்,
இரண்டடி அகலம்,
ஈரம் காயுமுன் தென்னந்துடைப்பத்தால் கீறியது.
ஏழாம் படி முழுக்க அவர்கள் உட்கார.
தண்ணீர் ஏறினால் அதுவும் கிடையாது.

பலகை பிரித்த மறுநாள் போனேன்.
அத்தனை குழியும் அடைபட்டிருந்தது.
"தேன்கூடு விழுந்துபோச்சு மேடம்.
இப்படி விட்டா பில் பாஸ் ஆகாது"
என்றார் மேஸ்திரி ஏகாம்பரம், அக்கறையாக.
கான்கிரீட்டில் ஓட்டை விழுந்தால்
கட்டடக்காரர்கள் வைத்த பெயர் அது.
தேனீ வராத கூடுகளை
முப்பது வருஷமாகப் பூசி மறைத்தவர்.

உளி எடுத்து அவரே கொத்தினார். இரண்டு நாள்.
பத்தொன்பது குழி திரும்பக் கிடைக்கவே இல்லை.

முதலில் குடிவந்தது
அனல்மின் நிலையத்துச் சாம்பல்.
சாம்பல் நிறத்துச் சேறு, குழிக்குக் குழி, விளிம்புவரை.
பவுனம்மாவும் இன்னும் நாலு பேரும்
இறாலுக்குப் போகிற வழியில்
ஆளுக்கொரு கை வாரிப் போட்டார்கள்.
அதற்குக் கூலி எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி மழைக்கு அப்புறம்
விடியற்காலை ஐந்து மணிக்குத் தொலைபேசி.
வேலை முடிந்து எப்போதோ போய்விட்ட ஏகாம்பரம்.
"எட்டாம் படி, ஓரத்துக் குழி மேடம்.
கடிச்சிடுச்சு. ரத்தம்."
சிரிக்கிறாரா என்று சரியாகக் கேட்கவில்லை,
அந்தப் பக்கம் ஒரே காற்று.

அந்நேரத்தில் அங்கே என்ன வேலை,
குழிக்குள் ஏன் விரலை விட்டார்
என்று நான் கேட்கவில்லை.