குறுக்கே போக வேண்டியவை

ஹாமர்ஃபெஸ்ட். டிசம்பர். பகல் பதினொன்று;
ஜன்னலில் இனி ஜனவரிவரை விடியாது.
ஜெல்லை உள்ளங்கையில் சூடாக்கித் தடவினேன்.
முதுகெலும்பு, சிறுநீரகம், ஒரு பாதம்.
மூக்கு யார் சாயல் என்று கேட்டாள் ரங்னா.

இதயம். நான்கு அறைகள்,
கொத்தனார் நூல் பிடித்துக் கட்டியதுபோல.
இதோடு நிறுத்தியிருக்கலாம்,
முன்பெல்லாம் நிறுத்திக்கொண்டதுதான்.
கருவியை ஒரு நக அளவு
மேலே சாய்த்தேன்.

அங்கே இரண்டு பெருங்குழாய்கள்
ஒன்றையொன்று குறுக்கே தாண்ட வேண்டும்.
இவை தாண்டவில்லை.
பேச்சு முறிந்த அண்ணன் தம்பிபோல
பக்கத்தில் பக்கத்தில்
நேராகப் போயின.

மறுபடி பார்த்தேன். மறுபடியும்.
"ஏன் பேசாம இருக்கீங்க?"
அதுவரை ஓயாமல் பேசியிருக்கிறேன் என்பது
எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மருத்துவரை அழைத்தோம். அவரும் அதையே சொன்னார்:
உள்ளே இருக்கும்வரை இந்த இதயம் போதும்.
முதல் மூச்சு இழுத்த பிறகுதான் வழக்கு.
அறுவை அறைக்குப் பக்கத்தில் பிறக்கட்டும், ஓஸ்லோவில்.

"மே மாதம் எய்னார் கடலில் இருப்பானே"
என்றாள், ஏதோ தேதி மாற்றுவதுபோல.
வயிற்றைத் துடைத்துக்கொள்ளத் தாள் நீட்டினேன்.
வாங்கவில்லை.
"இன்னொரு தரம் காட்டுங்க."

திரையில் அது
பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.