அறுபத்திரண்டாம் வரிசை

சனி இரவு அரசாங்கம் எங்களிடமிருந்து
ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது.
செப்டம்பரில் சிலியில் அப்படித்தான், பன்னிரண்டு அடித்ததும் ஒன்று.
கைபேசிகள் தாமாகவே ஒப்புக்கொண்டன.
முகாம் சமையற்கூடத்துக் கடிகாரம் ஒப்புக்கொள்ளவில்லை;
ரொட்டி தீர்ந்தபின் வந்து சேர்ந்த விளாதிமிர்
அதனடியில் நின்று திட்டிக்கொண்டிருந்தான்.

வெளியே, போசோ அல்மோந்தேயின் உப்புத்தரையில்,
மூவாயிரம் வரிசைத் தகடுகளுக்கு
அரசாணை எட்டவில்லை.

அவற்றுக்குக் கண் கிடையாது.
பார்க்க வருகிறவர்கள் நம்புவதில்லை,
சூரியகாந்தி மாதிரியா என்பார்கள்.
இடம், தேதி, நேரம். அவ்வளவையும் கணக்குப்போட்டு
சூரியன் இருந்தாகவேண்டிய திசையைப் பார்க்கும்.
கிரகணத்தன்று பட்டப்பகல் இருண்டு
நாங்கள் எல்லோரும் கத்தியபோதும்
ஒரு தகடுகூடத் தலை திருப்பவில்லை.

விடியலில் செய்யும் இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது:
தாழ்ந்த வெயிலை முழுசாக வாங்க நிமிர்ந்தால்
பின்வரிசையின் மேல் நிழல் விழும் என்று
முகத்தைக் கொஞ்சம் மல்லாத்தி
தனக்கு வரவேண்டியதில் ஒரு பங்கை
மண்ணில் நழுவவிடும்.
பொறியாளர்கள் இதற்கு வைத்த பெயரில்
இந்தப் பெருந்தன்மை இல்லை.

பதினோரு மணிக்கு வண்டியை நிறுத்தினேன்.
அறுபத்திரண்டாம் வரிசை மட்டும்
பதினைந்து பாகை தள்ளி
வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது,
குடும்பப் படத்தில் கேமராவைப் பார்க்காத
ஒருத்தனைப் போல.

மோட்டாரைத் தட்டினேன். நல்ல மோட்டார்.
பல்சக்கரத்தில் மணல் இல்லை.
பெட்டியைத் திறந்ததும் புரிந்தது.
வியாழனன்று மாற்றிய புதுப்பெட்டி;
'நாட்டு நேரத்தைப் பின்பற்று' என்ற கட்டத்தில்
டிக் போட்டவள் யோபானா சய்யாபா.
நான்தான்.

சிரித்தேன்.
பிறகு, ஏனோ, சரிசெய்யாமல்
வண்டி நிழலில் உட்கார்ந்து
பிளாஸ்கில் தேநீர் தீரும்வரை பார்த்தேன்.
பின்னால் வரப்போவதை
முன்னால் நின்று பார்க்கிற தகடுகள்.
அவை முறைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு
சூரியன் மெல்ல ஏறி வந்தது.
வந்தபோது அவை அங்கே பார்க்கவில்லை.

ஏழு நாள் இங்கே, ஏழு நாள் இகிகேயில்.
ஜூலையில் ஷிஃப்டை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள்.
அன்றிலிருந்து, நான் பஸ்ஸை விட்டு இறங்கும் புதன்கிழமையும்
அனாயிஸ் பையைத் தூக்கிக்கொண்டு
அப்பா வீட்டுக்குக் கிளம்பும் புதன்கிழமையும் ஒன்று.
நீதிமன்றத் தாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.
பேருந்து நிலையத்தில் பதினைந்து நிமிடம் கிடைக்கும்,
அதில் ஐந்து, அவள் எம்பனாடா வாங்க.

டிக்கை எடுத்தேன்.
மோட்டார் முனகியது. அறுபத்திரண்டு
விளிம்புத் தூசியை உதிர்த்துக்கொண்டு
கிழக்கே நகர்ந்தது, அவசரமே இல்லாமல்;
அடியில் படுத்திருந்த ஓணான்
நிழலோடு சேர்ந்து இடம் மாறிக்கொண்டது.

வயர்லெஸ்ஸில் விளாதிமிர்:
"என்ன கோளாறு?"
"கடிகாரம்."
"இழப்பு எவ்வளவு?"

அறிக்கையில் அதற்கொரு கட்டம் உண்டு.
கிலோவாட் மணியில் மட்டுமே நிரப்பலாம்.
நிரப்பினேன்.